துமிரா அனுப்பிய காளான்

பாக்கெம்
ஜூன் 3

லெஸ்தாரி அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அக்கா வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

வீட்டை விட்டு வரும்போது ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தது எனக்கே உறுத்துகிறது. அதனால் இப்போது எழுதுகிறேன். நமக்குள் சண்டை அரிசிக்காகவோ மாத்திரைக்காகவோ வந்தது என்று ஊர் நினைக்கிறது. பக்கத்து வீட்டு ருபினா என்னிடமே கேட்டாள், "சோறு குறைச்சுப் போட்டியாமே, அதுக்கா இம்புட்டு?" என்று. அதற்கல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குப் பாகு காய்ச்சும்போது அடுப்பிலிருந்து உருண்டு வந்த கங்கின் மேல் காலை ஊன்றிக்கொண்டு, உங்கள் மரமேறிக் கூட்டாளி போனிஜானிடம் அவன் ஆடு காணாமல் போன கதையைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குத்தான் வாடை வந்தது. ஏதோ பொசுங்குகிறதே என்று திரும்பிப் பார்த்தேன். பொசுங்கியது உங்கள் கால். நான் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தீர்கள். அப்போதும் வலிக்கவில்லை.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா சர்க்கரை முந்நூறைத் தாண்டி நிற்கிறது என்றார். "நான் தென்னங்கருப்பட்டி காய்ச்சுறவன் டாக்டரம்மா. எனக்குச் சர்க்கரை ஏறாம உப்பா ஏறும்?" என்றீர்கள். நர்ஸ் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உணர்ச்சி செத்த காலோடு தென்னை ஏறுகிறவருக்கு நான் எப்படிச் சோறு போட்டுவிட்டு நிம்மதியாக அடுப்பெரிப்பேன்? மரத்தை விடுங்கள் என்றேன். "மரம் என்னைத் திட்டறதில்ல. நீதான் திட்டற. போறதுன்னா போ" என்றீர்கள். வந்துவிட்டேன்.

நம்மூர் கியாந்தோவின் காய்கறி வண்டியில் ஒரு பொட்டலம் அனுப்புகிறேன். அக்கா கொட்டகையில் விளைந்த சிப்பிக்காளான். இரண்டு நாளுக்குள் சமைத்துவிடுங்கள். நார் நாராகக் கிழித்து, பச்சை மிளகாயும் பூண்டும் போட்டு வதக்கினால் போதும். சோற்றைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு அந்த இடத்தில் இதை வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையும், சர்க்கரை அவ்வளவாக ஏறாது என்று அக்கா சொல்கிறாள்.

பதில் எழுதவேண்டும் என்பதில்லை.

துமிரா


கொகாப்
ஜூன் 12

துமிரா,

வ அலைக்கும் அஸ்ஸலாம். பதில் எழுத வேண்டாம் என்று எழுதியதால் எழுதுகிறேன்.

காளான் வந்தது. கியாந்தோ வண்டியை நிறுத்தி, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அண்ணே, அண்ணி பொட்டலம் அனுப்பிருக்காங்க! கோவம் கொறைஞ்சிருச்சு போல!" என்று கூவினான். அவன் வாயில் அந்தக் காளானையே திணித்திருப்பேன்.

எனக்கு இந்த வெள்ளைச் சவ்வெல்லாம் வேண்டாம் என்று ருபினாவிடம் கொடுத்தேன். இப்போது என் பங்குப் பதநீரையும் அவள்தான் காய்ச்சித் தருகிறாள். அவளுக்கு ஏதாவது கொடுக்கவேண்டாமா? அவள் உன்னை வாழ்த்திக்கொண்டே அதைச் சமைத்து, எனக்கே ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தாள். தின்றேன். கறி மாதிரி இருந்தது. கறி இல்லை.

மாத்திரையை விழுங்குகிறேன். டீயில் சர்க்கரை இல்லை. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு டீ குடிப்பதையும் விட்டாகிவிட்டது. வீடு நிறையக் கருப்பட்டியை அடுக்கி வைத்துக்கொண்டு வெறும் டீ குடிக்கிறேன். இதைவிட என்ன வேண்டும் உனக்கு?

மரத்தைப் பற்றி எழுதாதே. மரத்தை விட்டால் நான் என்ன செய்வேன் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை.

லெஸ்தாரி பாத்தாம் தீவிலிருந்து போன் செய்தாள், பக்கத்து ஊர்க் கடைக்கு. அம்மா எங்கே என்றாள். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீயும் அதையே சொல்.

வாகியோ


பாக்கெம்
ஜூன் 20

லெஸ்தாரி அப்பாவுக்கு,

அக்காவுக்கு உடம்பு கல்லு மாதிரி இருக்கிறது. அவளைப் படுக்க வைத்துவிட்டீர்களே என்று திட்டினாள். பிறகு சிரித்தாள்.

இந்தமுறை இரண்டு பொட்டலம். ஒன்று ருபினாவுக்கு என்று கியாந்தோவிடம் பிரித்துச் சொல்லியிருக்கிறேன். உங்களுடையதை நீங்களே சமையுங்கள். வாழையிலையில் மிளகாய், வெங்காயம், தக்காளி, கொஞ்சம் துருவிய தேங்காயோடு பொதிந்து ஆவியில் வேகவையுங்கள். அடுப்பு மூட்டத் தெரியாத ஆளா நீங்கள்? மரக்காதுக் காளானும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். அதைக் கீரைக் குழம்பில் போடுங்கள், மொறுமொறுவென்று இருக்கும்.

இங்கே வாரம் ஒருமுறை ஒரு வியாபாரி வருகிறான். காளானைக் காயவைத்து இடித்து, குப்பியில் அடைத்து, சர்க்கரை வியாதிக்கு மருந்து என்று விற்கிறானாம். "இதச் சாப்பிட்டா மாத்திரையே வேணாம்க்கா" என்கிறான். அக்காவுக்கு ஆசைதான், மொத்தமாக வாங்கிக்கொள்வான் என்று. எனக்கு மனசு ஒப்பவில்லை. குப்பி வேண்டாம். ஆனால் ஏதோ கொஞ்சம் உண்மை இல்லாமலா இத்தனை பேர் சொல்கிறார்கள் என்றும் தோன்றுகிறது.

மரத்தைப் பற்றி எழுதாதே என்றீர்கள். எழுதவில்லை. கால் புண் ஆறியதா? அதையாவது எழுதுங்கள். காலை மடக்கி உள்ளங்காலைப் பார்க்க உங்களுக்குப் பொறுமை இருக்காது என்று தெரியும். கண்ணாடியைத் தரையில் போட்டு, அதன் மேல் காலைத் தூக்கிக் காட்டிப் பாருங்கள். என் கண்ணாடி கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது.

துமிரா


கொகாப்
ஜூலை 9

துமிரா,

கண்ணாடியில் பார்த்தேன். புண் மூடிவிட்டது. என் பாதம் இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?

நல்ல சேதி ஒன்று. சர்க்கரை நூற்றெழுபதுக்கு இறங்கிவிட்டது. நர்ஸ் எண்டாங் இரண்டு தடவை குத்திப் பார்த்தாள், முதல் தடவை அவளாலேயே நம்ப முடியவில்லை. "என்ன சாப்பிடறீங்க?" என்றாள். "என் பொண்டாட்டி கோவத்தச் சாப்பிடறேன்" என்றேன்.

இரவில் இப்போது நான் சோறே தொடுவதில்லை. காளான், சோயாபீன்ஸ் தெம்பே, கீரை. முதல் வாரம் வயிறு காய்ந்தது. இப்போது பழகிவிட்டது. காளானை நெருப்பில் சுட்டு, மிளகாய் அரைத்துத் தொட்டுக்கொள்வது என் கண்டுபிடிப்பு. போனிஜான் தினமும் சாயங்காலம் சும்மா பேச வருகிற மாதிரி வந்து உட்கார்ந்து பாதியைத் தின்றுவிட்டுப் போகிறான். அவனுக்குச் சர்க்கரையே இல்லை. பொட்டலத்தைக் கொஞ்சம் பெரிதாகக் கட்டு.

பார்த்தாயா? நீ போய்த்தான் ஆகவேண்டும் என்று எதுவும் இல்லை. சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டேன். இனிமேல் வரலாமே. ருபினா காய்ச்சுகிற கருப்பட்டி என்னவோ கறுப்பாகவே வருகிறது. சந்தையில் கேட்கிறார்கள், துமிரா எங்கே என்று.

வாகியோ


பாக்கெம்
ஜூலை 15

லெஸ்தாரி அப்பாவுக்கு,

கடிதத்தைக் கொட்டகையில் நின்றுகொண்டே படித்தேன். நூற்றெழுபது என்றதும் அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். அவள் உடனே, "எங் காளான்!" என்று மார்தட்டிக்கொண்டாள். தினமும் தண்ணீர் தெளிப்பது நான், பெயர் அவளுக்கு.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. இரவுச் சோற்றை விட்டதற்கே இவ்வளவு இறங்கியிருக்கிறது என்றால், காலையிலும் அந்த மரவள்ளியையும் சோற்றையும் விட்டுப் பாருங்களேன். காலையில் காளான் போட்ட கீரைத் தண்ணீர் ஒரு கிண்ணம் போதாதா? இன்னும் ஒரே மூச்சாக இறங்கிவிடும். உங்களுக்கு ஒன்றைப் பிடித்தால் விடத் தெரியாது. அந்தப் பிடிவாதம் என் மேல் காட்டப்படும்போது எரிச்சலாக இருக்கும். இதில் காட்டினால் நல்லதுதான்.

பெரிய பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். போனிஜானுக்கும் சேர்த்து.

வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். வரமாட்டேன். உங்கள் கோபத்துக்குப் பயந்தோ என் கோபத்தாலோ அல்ல. நீங்கள் விடியற்காலையில் அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பியதிலிருந்து திரும்பி வந்து பதநீர் நிறைந்த மூங்கில் குழாய்களை இறக்கிவைக்கும் வரைக்கும், ஏதோ விழுகிற சத்தம் கேட்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு அடுப்பெரிக்க என்னால் முடியவில்லை. இங்கே அந்தச் சத்தம் கேட்காது. அவ்வளவுதான்.

துமிரா


கொகாப்
ஆகஸ்ட் 2

துமிரா,

இங்கே எல்லோரும் நலம். வெயில் அதிகம், பதநீர் குறைவு.

கொஞ்ச நாளைக்குக் காளான் அனுப்பவேண்டாம். இருப்பது போதும்.

வாகியோ


பாக்கெம்
ஆகஸ்ட் 8

லெஸ்தாரி அப்பாவுக்கு,

இருப்பது போதும் என்று எழுதியிருந்தீர்கள். காளான் இரண்டு நாளுக்கு மேல் இருக்காது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நேற்றுக் கியாந்தோவைப் பிடித்து நிறுத்தினேன். "அவரு நல்லாத்தான் இருக்காரு அண்ணி" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் முட்டைக்கோஸ் மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

"சாவிய வாங்கணும்னா சொல்லு."

"சொன்னா அண்ணன் என் தோல உரிச்சிருவாரு."

"சொல்லலன்னா நான் உரிப்பேன்."

பிறகு சொன்னான். நீங்கள் மரத்து உச்சியில் மயங்கிச் சாய்ந்ததையும், கீழே போனிஜான் நின்று அலறியதையும், ஊரே கூடியதையும். எப்படி இறங்கினீர்கள் என்று அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களாம். சாவியைக் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய், காளான் வளரும் மரத்தூள் பைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா வந்து கூப்பிடும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

என் கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை. ஆனால் என்ன எழுதினேன் என்று ஒவ்வொரு எழுத்தும் நினைவிருக்கிறது. காலைச் சாப்பாட்டையும் விடச் சொன்னவள் நான். இங்குள்ள சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். அந்த நர்ஸ் கேட்டாள்: "மாத்திரையக் கொறைக்காம சோத்த மட்டும் நிறுத்தினா சர்க்கரை எங்க போயி நிக்கும்மா? தரையில போயி நிக்கும்." அதைக் கேட்கவேண்டிய இடத்தில் கேட்காமல், நூற்றெழுபதைப் பார்த்துவிட்டு நானும் அக்காவும் கைதட்டிக்கொண்டிருந்தோம். மரத்தை விட்டு இறங்குங்கள் என்று சண்டை போட்டு வந்தவள், கடிதம் போட்டே தள்ளிவிடப் பார்த்தேன்.

இனிமேல் காளான் அனுப்பமாட்டேன். நீங்கள் பழையபடி சோறே சாப்பிடுங்கள். உங்கள் சாப்பாட்டில் இனி என் கை வேண்டாம்.

நடந்ததை உங்கள் கையால் எழுதுங்கள். அது மட்டும் போதும்.

துமிரா


கொகாப்
ஆகஸ்ட் 19

துமிரா,

கியாந்தோவின் தோலை உரிக்கவில்லை. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

நடந்ததைக் கேட்டாய். எழுதுகிறேன். எழுத்து நன்றாக வராது, பொறுத்துக்கொள்.

அன்றைக்குக் காலையில் மாத்திரை போட்டேன். வெறும் டீ. நீ சொன்ன கீரைத் தண்ணீரைக்கூட வைக்கவில்லை, வந்து குடித்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டேன். முந்தின இரவும் காளான் மட்டும்தான், அதிலும் போனிஜான் முக்கால்வாசி. ஆக, நீ எழுதியதை நான் ஒழுங்காகச் செய்யவும் இல்லை. அதை முதலில் தெரிந்துகொள்.

ஓடைக்கரை உயர மரத்தில் ஏறி மட்டைக்குள் உட்கார்ந்த பிறகு கை நடுங்கியது. வேர்த்துக் கொட்டியது. பாளையைச் சீவ அரிவாளை எடுத்தேன், எந்தப் பாளை என்று தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் எல்லாம் பூசினமாதிரி ஆகிவிட்டது. கீழே போனிஜான் எதற்கோ கூப்பிட்டான். பதில் சொல்ல வாய் வரவில்லை. அவன் சொல்கிறான், "அண்ணே, நீ மேல இருந்து என்னப் பார்த்துச் சிரிச்ச. அதான் எனக்குப் பயமாயிருச்சு" என்று. நான் சிரித்தது எனக்கு நினைவில்லை. சாய்ந்ததும் நினைவில்லை. இடுப்பில் சுற்றியிருந்த சாரம் மட்டையில் சிக்கிப் பிடித்திருக்கிறது.

பிறகு அவன் கீழேயிருந்து கத்துவது மட்டும் கேட்டது. "குடி அண்ணே! குழாயில இருக்கிறதக் குடி!" அவன் மாமனாருக்கும் சர்க்கரை. இந்த நடுக்கத்தை அவன் வீட்டில் பார்த்திருக்கிறான். கையருகே இராத்திரி கட்டிய மூங்கில் குழாய், நிறையப் பதநீர். கழற்றுவதற்குள் பாதி சிந்தியது. மீதியைக் குடித்தேன். சுண்ணாம்பு, எறும்பு, செத்த தேனீ எல்லாம் சேர்ந்துதான். என் வாயில் அவ்வளவு இனிப்பு பட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. துமிரா, சொன்னால் திட்டுவாய். அப்படி ஒரு ருசி.

கொஞ்ச நேரம் மரத்தைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நடுக்கம் நின்றது. போனிஜான் ஏறி வந்து எனக்குக் கீழே நின்று, என் காலை ஒவ்வொன்றாகப் பிடித்து, மரத்தில் கொத்தியிருக்கும் வெட்டுப்படியில் வைத்தான். அப்படித்தான் இறங்கினேன்.

இப்போது சொல்லவேண்டியது வேறு. அவன் என் காலைப் பிடித்து வைத்தானே, அவன் கை பட்டதே எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவும் புதிது அல்ல. ஒரு வருஷமாக நான் காலால் ஏறவில்லை, கண்ணால் ஏறுகிறேன். ஒவ்வொரு படிக்கும் குனிந்து பார்த்து, கால் அங்கே இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு அடுத்த காலைத் தூக்குவேன். உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நீ ஜெயித்துவிடுவாய் என்று இருந்தேன். அன்றைக்கு அந்தக் கண்ணும் போய்விட்டது.

டாக்டரம்மா மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார். காலையில் சாப்பிடாமல் மாத்திரை கூடாது. வேளைக்கு ஒரு கைப்பிடி சோறு அல்லது மரவள்ளி கட்டாயம். காளானைப் பற்றிக் கேட்டேன். குறை சொல்வார் என்று நினைத்தேன். "காளான் ரொம்ப நல்ல சாப்பாடு. மாவு கம்மி, வயிறு நெறையும், தினமும் சாப்பிடுங்க. ஆனா அது சாப்பாடு, மருந்து இல்ல. ரெண்டையும் கலக்காதீங்க. சாப்பாட்ட மாத்தினா எங்கிட்ட வந்து சொல்லுங்க, மருந்த நான் மாத்தறேன்" என்றார். குப்பிக்காரன் வந்தால் அக்காவிடம் இதைச் சொல்.

ஆகவே உன் கடிதம் என்னைத் தள்ளிவிடவில்லை. உன் கை என் சாப்பாட்டில் வேண்டாம் என்று எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் வலித்தது. கால் வலிக்காதவனுக்கு அங்கே வலித்தது.

மரங்களைப் போனிஜானிடம் விட்டுவிட்டேன். அவன் சீவுவான், பதநீரில் பாதி நமக்கு. முதல் நாள் அவன் என் மரத்தில் ஏறியபோது வீட்டுக்குள்ளேயே இருந்தேன், பார்க்க முடியவில்லை. இப்போது நான்தான் அடுப்படியில் பாகு காய்ச்சுகிறேன், ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு. முதல் பாகு சிரட்டையில் ஊற்றி மறுநாள் வரைக்கும் இறுகவே இல்லை. ருபினா வந்து பார்த்துவிட்டு, "என்னாண்ணே, கூழா?" என்றாள். இரண்டாவது கரிந்துவிட்டது. நீ இத்தனை வருஷம் இதையா செய்துகொண்டிருந்தாய்? பதம் எப்போது என்று எழுது. தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கிறேன், அது எனக்கு ஒன்றும் சொல்வதில்லை.

காளான் அனுப்பு. போனிஜான் கேட்கிறான். நானும்தான்.

வாகியோ


பாக்கெம்
செப்டம்பர் 1

லெஸ்தாரி அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஒருமுறைதான் படித்தேன். மரம் வரும் இடத்தை இன்னொரு முறை படிக்கத் தைரியம் இல்லை. அக்கா எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு காளான் பறிக்கப் போனாள். குப்பிக்காரன் அடுத்த நாள் வந்தான். அவன் பேச ஆரம்பிக்கும் முன்பே அவள் துடைப்பத்தை எடுத்துவிட்டாள். பாவம், அவன் இந்தமுறை வெறும் காளான் வாங்கத்தான் வந்திருக்கிறான்.

நான் ஜெயித்துவிடுவேன் என்று சொல்லாமல் இருந்தீர்களாம். நான் என்ன ஜெயிப்பேன்? நீங்கள் கண்ணால் ஏறிய அந்த ஒரு வருஷமும் நான் காதால் ஏறிக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் பேசியிருக்கலாம். பேசவில்லை.

பாகு பதத்தைக் கடிதத்தில் எழுத முடியாது. எழுதிப் பார்த்தேன். நுரை பெரிதாகப் பொங்கி, அடங்கி, சின்னக் கண்ணாக வெடிக்கும் நேரம் என்று எழுதினேன். பிறகு, எவ்வளவு சின்னது என்று நீங்கள் கேட்பீர்களே என்று கிழித்துப் போட்டேன். அதை நான் பக்கத்தில் இருந்துதான் காட்டவேண்டும். காட்டினால் கற்றுக்கொள்வீர்களா, "எனக்குத் தெரியும், நீ போ" என்பீர்களா என்பது எனக்குத் தெரியாது. அப்படிச் சொன்னாலும் இந்தமுறை போகமாட்டேன்.

மாட்டுக் கொட்டகை காலியாகத்தானே கிடக்கிறது? ஓடைப்பக்கம் இருப்பதால் குளிர்ச்சி இருக்கும். சுற்றிலும் மூங்கில் பாய் கட்டி, உள்ளே மூங்கில் தட்டுகள் அடிக்கச் சொல்லுங்கள். போனிஜான் இத்தனை நாள் தின்றதற்கு அதையாவது செய்யட்டும். அக்கா விதை ஊன்றிய மரத்தூள் பைகள் தருகிறாள், வெள்ளையாகப் பூத்துவிட்டவை. பெரிய மூட்டை கியாந்தோவின் வண்டியில் பின்னால் வரும். நன்றாகப் பூத்த சிலவற்றை அவன் முட்டைக்கோஸுக்கு அடியில் போட்டு நசுக்கிவிடுவான் என்று நானே கையில் எடுத்து வருகிறேன்.

காலையில் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள். அதன் பிறகு மெதுவாக நடந்து பாலத்தடிக்கு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, சந்தை கலையும் நேரத்துக்குப் பஸ் அங்கே நிற்கும். ஊர் முழுக்க ஜன்னல் வழியாகப் பார்க்கும், பார்க்கட்டும். ஏன் போனாய், ஏன் வந்தாய் என்று வழியில் எதுவும் கேட்கவேண்டாம். நானும் கேட்கமாட்டேன். இரண்டு கையும் நிறைந்திருக்கும் எனக்கு. ஒரு பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடங்கள்.

துமிரா